பாடம் நடத்திக்கொண்டே படித்தவர்கள்

நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவரிடம் "நீங்கள் எங்கே எம்.ஏ. படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் பாதிப் பேர் கல்லூரிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "தபால்லதான் சார்" என்பார்கள். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும், ஏதோ குறைந்த சரக்கை வாங்கி வந்தவர் போல. அந்தக் கூச்சம் தேவையில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்குவது நேற்று வந்த பழக்கமல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது முதலில் பி.ஏ. தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம்பிள்ளை அப்போது சென்னையில் பத்திரிகைப் பணியும் ஆசிரியப் பணியும் பார்த்துக்கொண்டிருந்தவர். விசுவநாதபிள்ளையோ அவருக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். குருவும் சீடரும் ஒரே தேர்வில் தேறினார்கள். ஆக, நம் பக்கத்துப் பட்டதாரிப் பரம்பரையே வேலையில் இருந்தவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த ஆண்டு, 1858இல், லண்டன் பல்கலைக்கழகம் ஒரு கதவைத் திறந்தது. கல்லூரியில் உட்கார்ந்து படித்தேன் என்று சான்று காட்டாமலே யாரும் தேர்வு எழுதலாம் என்றது. எங்கே படித்தாய், எப்படிப் படித்தாய் என்ற கேள்வி இல்லை. விடைத்தாள் மட்டும் சரியாக இருந்தால் போதும். பின்னாளில் இலங்கையில் எத்தனையோ தமிழாசிரியர்கள் இந்த வழியாகத்தான் லண்டன் பி.ஏ. ஆனார்கள். பகலில் பள்ளிக்கூடம், இரவில் மண்ணெண்ணெய் விளக்கு.

தமிழ்நாட்டில் இதற்கு மு. வரதராசனாரை விடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏனென்றால் அவரும் முதலில் என்னைப் போல ஒரு எழுத்தர். பள்ளி இறுதி முடித்ததும் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தானாகத் தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார். 1939 வரை திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அந்த வேலையில் இருந்தபடியே பி.ஓ.எல். தேறினார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் பட்டம். அந்த மனிதர் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். அதே 1971இல்தான் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தனியாகப் படித்து மேலே வந்தவர் தலைமையில், தனியாகப் படிப்பவர்களுக்கு வழி பிறந்த ஆண்டு அது.

இனி நம் புதுவைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆசிரியர் வேலைக்குப் பட்டம் என்ற பேச்சே பெரிதாக இல்லை. பிரெவே தேறினால் போதும், பள்ளிக்கூடத்தில் சேரலாம். பாரதிதாசன் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து 1946இல் ஓய்வு பெற்றார். அவரிடம் படித்தவர்கள் யாரும் "உங்களிடம் எம்.ஏ. இருக்கிறதா?" என்று கேட்டதில்லை.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தோம். பழைய ஊழியர்களை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது, வேலை போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சென்னைப் பாடத்திட்டத்துக்கு மாறின. பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் பி.ஏ.வும் பி.டி.யும் வேண்டும். மேல்நிலை வகுப்புக்குப் போக வேண்டுமானால் முதுகலை வேண்டும். பிரெவேயும் பக்கலோரியாவும் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். "இது எதற்குச் சமம்?" என்ற கேள்வி கோப்புகளில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தத் திகைப்பு புரியும். நேற்று வரை செல்லுபடியான நாணயம் இன்று கடையில் எடுபடவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் முப்பது, முப்பத்தைந்து வயதில் ஆங்கிலத்தை முறையாகக் கற்று, மறுபடி மாணவர்கள் ஆனார்கள். தாகூர் கலைக் கல்லூரி 1961இல் வந்தது என்றாலும், பகல் கல்லூரி வேலையில் இருப்பவருக்கு எதற்கு உதவும்? அவர்களைக் காப்பாற்றியது தபால்காரர்தான்.

தபால் வழிப் படிப்பு இந்தியாவில் முறையாகத் தொடங்கியது 1962இல், டெல்லிப் பல்கலைக்கழகத்தில். அதற்குப் பரிந்துரை செய்த குழுவுக்குத் தலைவர் டி. எஸ். கோத்தாரி. அவரே பின்னர் 1964 முதல் 1966 வரை கல்விக் குழுவுக்கும் தலைமை வகித்தார். உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 1986க்குள் அஞ்சல் வழியிலும் மாலைக் கல்லூரிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியை ஆரம்பித்ததும் நம் ஊர் ஆசிரியர்களுக்குக் கதவு வீட்டுக்குப் பக்கத்திலேயே திறந்தது போல ஆயிற்று. சிதம்பரம் என்ன தூரம்? கடலூர் வழியாகப் பஸ் ஏறினால் போய்ச் சேரலாம். 1985இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தது.

மே மாத விடுமுறையில் நேர்முக வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு துணிப்பை, அதில் மடித்த வேட்டி அல்லது சேலை, பழுப்புத் தாளில் அச்சடித்த பாடப் புத்தகங்கள். வருடம் முழுவதும் பிள்ளைகளைத் தேர்வு எழுத வைத்தவர்கள் மே வெயிலில் தாங்களே பெஞ்சில் உட்கார்ந்து வியர்வை வழிய எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் குறிப்பு எடுப்பார்கள். பெண் ஆசிரியைகள் பாடு இன்னும் கஷ்டம். சமையல் முடிந்து, பிள்ளைகள் தூங்கி, மாமியார் அறை விளக்கு அணைந்த பிறகுதான் அவர்களுக்குப் படிப்பு.

எதற்காக இவ்வளவும் என்று கேட்டால், பலருக்குச் சம்பளம்தான் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1969 ஜனவரியில் வந்த அரசாணை, கூடுதல் தகுதி பெறும் ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு கொடுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த ஏற்பாடு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பணத்துக்காகப் படித்தார்கள் என்று ஏளனம் செய்பவர்களைக் கேட்கிறேன்: மகள் கல்யாணமும் வீட்டுக் கடனும் இருப்பவர் இரண்டு இன்கிரிமென்ட்டுக்காக இரண்டு வருடம் தூக்கத்தை விட்டால் அதில் என்ன இழிவு?

ஆனால் சம்பளம் தராத ஒரு படிப்பையும் சிலர் படித்தார்கள். அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கல்வி நிர்வாகம், இப்போது கல்வித் தலைமை என்று பெயர் மாற்றிச் சொல்லும் பாடம். பள்ளியை நடத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேர் பிடித்தது. எல்வுட் கப்பர்லி என்பவர் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்து, ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியரானவர். அந்த வேலைக்கு நடுவே விடுப்பில் போய்க் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் 1902இல் எம்.ஏ.வும் 1905இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1916இல் பள்ளி நிர்வாகத்துக்குப் பாடநூலும் எழுதினார். நம் நாட்டில் யுனெஸ்கோ உதவியுடன் 1962இல் டெல்லியில் தொடங்கிய பயிற்சி மையம்தான் பின்னர் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனமாக வளர்ந்தது.

பிரான்சில் வேறு வழி. நல்ல ஆசிரியராக இருந்தால் மட்டும் அங்கே மேலே போக முடியாது. தொடக்கப் பள்ளி ஆய்வாளர் ஆவதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தனித் தேர்வு இருந்தது. இன்றும் கொலேழ், லிசே இவற்றின் தலைவர்களை 'கொங்கூர்' என்னும் போட்டித் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நம் நாட்டு அரசுப் பள்ளிகளிலோ பெரும்பாலும் பணிமூப்புப் பட்டியல்தான். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவர் முதலில் தலைமையாசிரியர். அதில் ஒரு நியாயம் உண்டு, சிபாரிசுக்கு இடமில்லை. ஒரு குறையும் உண்டு. முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர் ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று நாற்பது பேரை நிர்வகிக்க வேண்டும். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், பெயர் வேண்டாம், நாற்பது வயதுக்கு மேல் அஞ்சல் வழியில் எம்.எட். சேர்ந்தார். விருப்பப் பாடம் கல்வி நிர்வாகம். அவர் வேலை பார்த்தது கடலோரக் குப்பத்துப் பள்ளி. ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டுமே. தன் பள்ளியில் பெண்பிள்ளைகள் ஏன் அடிக்கடி வருவதில்லை என்பதையே எடுத்துக்கொண்டார். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதுவரை ஆசிரியர்கள் எல்லோரும் "அந்தச் சனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் கண்டது வேறு. தாய்மார்கள் விடிவதற்குள் மீன் விற்கப் போய்விடுவார்கள். பால்வாடி திறக்க ஒன்பதரை ஆகும். அதுவரை கைக்குழந்தையை வைத்திருப்பது மூத்த பெண்பிள்ளை. ஒன்பதரைக்கு மேல் பள்ளிக்கு வந்தால் தாமதத்துக்குத் திட்டு விழும்; அதற்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடும்.

அந்த அம்மாள் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசினார். வயதான பெண்மணி ஒருவர் காலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு ஆயிற்று. தாமதமாக வருபவர்களைத் திட்டக் கூடாது என்று சக ஆசிரியர்களிடமும் சொன்னார். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. பிள்ளைகள் வந்தார்கள்.

இனி அந்தப் பட்டம் அலுவலகத்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள். அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார். படிப்பதற்கு முன் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டுக் கோப்பு திரும்பியது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கொடுத்தார். மூலத்தைக் காட்டு என்று மறுபடி திரும்பியது. இப்படியே பத்து மாதம். கடைசியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி பதிவாயிற்று. பதவி உயர்வு அவருக்குப் பட்டியல்படியே, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது வந்தது. அவர் கற்றதைப் பயன்படுத்த இரண்டு வருடம். அதற்கு முன் பதினைந்து வருடம் வீண்.

தபால் வழிப் படிப்பில் கோளாறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு காலத்தில் வகுப்பறையில் காலே வைக்காமல் பி.எட். வாங்கியவர்களும் உண்டு. 1993இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் வந்த பிறகுதான் கட்டுப்பாடு இறுகியது. பணியில் இருக்கும் ஆசிரியர்தான் தொலைநிலையில் பி.எட். படிக்கலாம் என்று வரையறை செய்தார்கள். அது சரியான முடிவு. படிப்பதை மறுநாள் காலையே வகுப்பில் செய்து பார்க்க முடிந்தவனுக்குத்தான் இந்தப் படிப்பு பலன் தரும். முழுநேர மாணவனுக்கு நூலகம் இருக்கிறது. பணியில் இருப்பவனுக்குப் பள்ளிக்கூடமே ஆய்வுக்கூடம்.

ஆகவே, தபாலில் படித்த ஆசிரிய நண்பர்களே, குரலைத் தாழ்த்த வேண்டாம். குறை இருந்தது படித்தவர்களிடம் அல்ல, படிப்பை ஒரு வரியாக எழுதிப் பதிவேட்டை மூடிவைத்த முறையில். இப்போது உங்கள் மகளோ மருமகளோ ஆசிரியையாக இருந்து, இரவில் கணினி முன் உட்கார்ந்து கல்வித் தலைமையில் முதுகலை படித்துக்கொண்டிருக்கலாம். "இதனால் சம்பளம் எவ்வளவு ஏறும்?" என்று கேட்காதீர்கள். "உன் பள்ளியில் எதை மாற்றப் போகிறாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அன்றைய இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நீங்களே கழுவி வையுங்கள்.