மிச்சமும் சுமையும்: வடசென்னையின் எரிபொருள் வரலாறு

மாடியில் நான்கு பைகளில் கீரை விதைப்பதும், மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு மின்ரயிலில் வேலைக்குச் செல்வதும் இயற்கைக்கு நாம் ஆற்றும் தொண்டு என்று இன்று போற்றப்படுகின்றன. போற்றத்தக்கவையே. ஆயினும் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் வடசென்னைக்கு இவை புதியவை அல்ல. குறைந்த எரிபொருளில் பயணம் செய்வதையும், வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் உணவு விளைவிப்பதையும் இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்துள்ளனர். சில வேளைகளில் ஏழ்மை அவர்களை அதற்குத் தூண்டியது. சில வேளைகளில் போர் கட்டாயப்படுத்தியது. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. ஓரிடத்தில் எரிபொருள் மிச்சமானபோது, அம்மிச்சத்தின் சுமை எவர் தலையில் இறங்கிற்று?

நீரும் இரும்பும்

1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் சென்னையின் வடபகுதியிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். 1837-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டு வடக்கே நீட்டித்தது. 1876-78 ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாக அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 420 கி.மீ.

உப்பும் நெல்லும் வைக்கோலும் கிளிஞ்சலும் விறகும் அக்கால்வாய் வழியே நகருக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். மாட்டுவண்டியில் பல நடை ஏற்ற வேண்டிய சுமையை ஒரே படகில் சில மனிதர்கள் இழுத்து வந்தனர். நீரில் மிதக்கும் பொருளை நகர்த்த அத்துணைக் குறைந்த விசையே போதும். ஒரு சொட்டு எண்ணெயும் செலவாகவில்லை. செலவானவை அம்மனிதர்களின் தோள்களே.

அரை நூற்றாண்டு சென்றபின், 1856 ஜூன் 28-இல், இராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்தே வாலாஜா ரோடு வரை ஓடிற்று. இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்கு ஏற்படும் உராய்வு, சாலையில் ஓடும் டயருக்கு ஏற்படுவதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே ரயில் பயணம் இயல்பாகவே சிக்கனப் பயணம். ஆனால் அக்கால ரயில் எஞ்சின்கள் இங்கே பெரிதும் எரித்தது விறகு. அதே 1856-ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். ரயில்வேயின் விறகுத் தேவை காடுகளை விழுங்குவதைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். அதன் விளைவாகவும் நகரின் விறகுப் பஞ்சத்தாலும் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. ஸ்ரீஹரிகோட்டா காடுகளின் விறகு கால்வாய் வழியே சென்னை அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. பயணி மிச்சப்படுத்திய நேரத்தையும் உழைப்பையும் எங்கோ ஒரு காடு ஈடுகட்டிக் கொண்டிருந்தது.

1895 மே 7-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே இதுவே முதல் மின்சார டிராம். குதிரைவண்டிக்கு வசதியற்ற எளியோர் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் சென்றுவர அது பெருந்துணையாயிற்று.

அரிசியும் எண்ணெயும்

1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை நாம் அறிவோம். அந்நிகழ்ச்சி நம் பேச்சு வழக்குக்கு 'எம்டன்' என்ற சொல்லையே தந்துவிட்டது. அன்று பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். நம் விளக்குக்கும் வண்டிக்கும் வேண்டிய எண்ணெய் கடல் கடந்து வருகிறது என்ற உண்மையை அத்தீ அனைவருக்கும் வெளிச்சம் போட்டுக் காட்டிற்று.

இரண்டாம் உலகப் போரில் அவ்வுண்மை முழுமையாக உறைத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது, அரிசியும் நின்றது. நம் மக்களின் வயிறும் வண்டியும் ஒரே துறையை நம்பியிருந்தமையால், இரண்டு பஞ்சங்களும் ஒரே வேளையில் கதவைத் தட்டின.

பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்புறம் உயரமான ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியை இட்டு, போதிய காற்றுப் புகாதபடி எரிப்பார்கள். அவ்வாறு எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு மிகுந்த ஒரு வாயுவைத் தரும். அதனைக் குளிரச் செய்து, தூசு வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். புறப்படுவதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிக் கனலை மூட்டியாக வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது இருந்த வேகமும் இழுவையும் இராது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. ஆயினும் பஸ் ஓடிற்று. பெட்ரோல் மிச்சமாயிற்று. ஆனால் கரி எங்கிருந்து வந்தது? மீண்டும் காடுகளிலிருந்துதான்.

அதே 1942-இல் அரசு 'அதிக உணவு உற்பத்தி' இயக்கத்தைத் தொடங்கியது. தரிசு நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் உணவுப்பயிர் விளைவிக்குமாறு மக்கள் தூண்டப்பட்டனர். 1946-இல் நாடெங்கும் பஞ்சம் அச்சுறுத்தியபோது, பூந்தோட்டங்களையும் உணவுப்பயிருக்குத் திருப்பவேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். மாளிகைத் தோட்டம் உடையவர்களுக்கு இது ஓர் அழைப்பு. கொல்லைப்புறத்தில் முருங்கையும் வேலியோரத்தில் அவரைக்கொடியும் வைத்திருந்த ஏழைக் குடும்பத்துக்கோ அதில் புதுமை எதுவும் இல்லை. அவர்கள் அதனை இயக்கம் என்று அழைக்கவில்லை. அன்றாடக் குழம்பு என்றே அழைத்தார்கள்.

மோட்டார் காலம்

போர் முடிந்தது, பெட்ரோல் திரும்பி வந்தது. அதன்பின் நாம் எடுத்த முடிவுகளே இன்றைய நம் சாலைகளை உருவாக்கின. நட்டத்தில் மூழ்கிய டிராம் சேவை 1953 ஏப்ரல் 12-இல் நிறுத்தப்பட்டது. 1960-களிலும் 70-களிலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரிகள் பெருகியபின் அதைச் செப்பனிட்டுப் படகு விடுவதில் அக்கறை குறைந்தது. நகருக்குள் அது கழிவுநீர் ஓடையாயிற்று. 2008-இல் அது தேசிய நீர்வழிப்பாதையின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டதும் வரலாற்றின் ஒரு விந்தையே.

அதே வேளையில் மோட்டார் உலகின் தொட்டிலாகவும் வடசென்னை விளங்கியது. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்று நாடெங்கும் பஸ்களையும் லாரிகளையும் ஓட வைத்தது. அக்காலத்திலேயே திருவொற்றியூர் என்ஃபீல்டு புல்லட்டின் ஊரானது. இந்த என்ஃபீல்டு கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1980-களிலும் 90-களிலும் அந்நிறுவனம் டாரஸ் என்னும் டீசல் மோட்டார் சைக்கிளை விற்றது. ஒரு லிட்டர் டீசலில் 70 கி.மீ. அளவுக்கு ஓடக்கூடிய வண்டி அது. கிராமத்துப் பால்காரர்களும் சிறு வியாபாரிகளும் அதனை விரும்பி வாங்கினர். பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அது வழக்கொழிந்தது. வண்டிக்காரரின் சட்டைப்பையில் மிச்சமான காசை, பின்னால் வந்தவரின் நுரையீரல் செலுத்திக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

மின்ரயிலோ புகை கக்குவதில்லை. ஆனால் அதன் புகை எங்கே? நகருக்கு மின்சாரம் தந்த எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. அத்திப்பட்டில் 1990-களில் எழுந்த வடசென்னை அனல் மின்நிலையம் இன்றும் எரிக்கிறது. அங்கிருந்து சாம்பலைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தோர் நீதி கேட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்து படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா வாயு மக்களை வீட்டைவிட்டு ஓடச் செய்தது. நகரம் குளிர்ந்த அறையில் அமர்ந்து சுற்றுச்சூழல் பேசுகிறது. அதன் சாம்பல் கூடையை எண்ணூர் சுமக்கிறது.

மாடியில் ஒரு தோட்டம்

இத்தகைய மண்ணில் தோட்டம் போடச் சொல்வது கேலிக்குரியதாகத் தோன்றலாம். அப்படியன்று, ஆனால் இடமறிந்து செய்ய வேண்டும். 2013-14-இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டம் போட மானிய விலையில் பைகளும் விதைகளும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மண்ணுக்கு மாற்றாகத் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகள் எடை குறைந்தவை, மாடித்தளத்துக்கும் பாரமில்லை. சாலையோர மண்ணும் சாம்பல் படிந்த மண்ணும் வடசென்னையில் கீரைக்கு ஏற்றவை அல்ல. எனவே தரைப்பாத்தியைவிடப் பையே நமக்கு நல்லது. காற்றில் வரும் தூசு இலையில் படியும். பறித்த கீரையைப் பலமுறை அலசியே சமைக்க வேண்டும். முளைக்கீரையும் சிறுகீரையும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

இதில் எரிபொருள் எங்கே மிச்சமாகிறது? கொத்தவால் சாவடியில் இருந்த காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. அன்றுமுதல் வடசென்னைக்கு வேண்டிய காய் நகரின் மறுகோடிக்குச் சென்று, அங்கிருந்து லாரியிலும் ஆட்டோவிலும் திரும்பி வருகிறது. மாடியில் பறித்த கீரைக்கு அப்பயணம் இல்லை. தண்ணீரிலும் எரிபொருள் ஒளிந்திருக்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். இம்முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். ஆகவே அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் செடிக்கு ஊற்றும் இல்லத்தரசி, தான் அறியாமலேயே சிறிது நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறார்.

எவரிடம் கேட்பது?

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவது, மரம் நடுவது போன்ற சிறு செயல்களின் மேன்மையைப் பேசுகிறது. அதே மடல், தனிமனிதரின் நற்செயல்களைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் சமூகச் சிக்கல்கள் தீர்ந்துவிடா என்றும், சமூகமாக இணைந்தே அவற்றை எதிர்கொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. இவ்விரண்டு கருத்துகளையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

நடந்து வேலைக்குச் செல்லும் மீனவப் பெண்ணிடமும், சைக்கிளில் துறைமுகத்துக்குச் செல்லும் கூலித் தொழிலாளியிடமும் எரிபொருளைச் சிக்கனப்படுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் ஏற்கெனவே மிச்சப்படுத்தியவர்கள். அம்மிச்சம் அவர்கள் பெயரில் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. சிக்கனத்தைக் கேட்க வேண்டியது, ஒருவருக்கு ஒரு கார் என்று செல்லும் நம்மைப் போன்றோரிடம். சாம்பலுக்கும் கழிவுக்கும் பொறுப்பைக் கேட்க வேண்டியது, அவற்றை வெளியேற்றும் ஆலைகளிடமும் அவற்றைக் கண்காணிக்க வேண்டிய அரசிடமும்.

நன்மையான மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. 2021 பிப்ரவரி 14-இல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. 1953-இல் டிராமை இழந்த நகரின் வடகோடிக்கு இன்னொரு தண்டவாளப் பாதை கிடைத்தது. அந்நிலையங்களுக்குக் கண்டெய்னர் லாரிகளுக்கு அஞ்சாமல் நடந்து செல்ல நடைபாதை வேண்டும். சைக்கிளை நிறுத்த இடம் வேண்டும். கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் வேண்டும். இவற்றை நம் மன்றங்களும் சங்கங்களும் கூடி எழுதிக் கேட்கலாம். பள்ளி மாடிகளில் மாணவர் கையால் கீரை விதைக்கலாம். விளைந்ததை மதிய உணவில் சேர்க்கலாம்.

கால்வாயில் கயிறு இழுத்தவரும், கரி பஸ்ஸை மேட்டில் தள்ளியவரும், கழிமுகத்தில் சாம்பலுக்கிடையே இறால் தேடுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவ்வரிசையில் இன்னொருவரைக் கொண்டுபோய் நிறுத்தாத சிக்கனமே நல்ல சிக்கனம். மாடியில் விதை ஊன்றும்போதும், வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ரயிலுக்கு நடக்கும்போதும் நம் உள்ளத்தில் நிற்க வேண்டிய அளவுகோல் இதுவே.