தக்கைக்குக் கீழே ஒரு துளி ஈயம்

எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மாமா. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மட்டும் நடக்கும் பள்ளிக்கூடம் அது. ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நரம்பு, தக்கைக்கு மயிலிறகின் அடித்தண்டில் ஒரு துண்டு, அதற்குக் கீழே ஒரு துளி ஈயம், கடைசியில் முள். ஈயத்தை நரம்பில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்குவார் மாமா. கடித்துவிட்டு 'தூ' என்று ஒரு துப்பு. அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு.

அந்த ஈயத்துளிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சும்மா ஒன்றும் இல்லை, ஒரு நாட்டில் சட்டம் போடும் அளவுக்குப் போன சரித்திரம். நாடு இங்கிலாந்து.

முதலில் ஈயம் எதற்கு என்று பார்த்துவிடலாம். தூண்டில் பிடிக்காதவர்கள் தக்கைதான் முக்கியம் என்று நினைப்பார்கள். தக்கை வெறுமனே மிதந்தால் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். கீழே சரியான அளவு ஈயம் சேர்த்தால் நிமிர்ந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நுனி மட்டும் வெளியே தெரியும். அந்த நிலையில் ஐம்பது கிராம் மீன் உதட்டால் தொட்டால்கூட நுனி ஆடிவிடும். ஈயம் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? மீன் இரையை இழுக்கும்போது தக்கை அதை எதிர்த்து மேலே இழுக்கும். மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும், துப்பிவிட்டுப் போய்விடும். பெரிய மீனுக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லை. சின்ன மீனுக்குத்தான் இந்தத் துல்லியம் வேண்டும். இங்கிலாந்தில் அந்தச் சின்ன மீனின் பெயர் ரோச். சிவந்த துடுப்பும் வெள்ளிச் செதிலும் கொண்டது, நம் கெண்டையின் தூரத்து உறவு.

1496-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்பவர் அச்சிட்ட ஒரு நூலில், தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அச்சான முதல் எழுத்து அதுதான். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியதாகச் சொல்வார்கள், ஆதாரம் கிடையாது. அப்போது நரம்பு என்பது குதிரை வால் முடி. மிகச் சிறிய மீனுக்கு ஒற்றை முடி, வளரும் ரோச்சுக்கு இரண்டு முடி, பெரிய ரோச்சுக்கு மூன்று முடி என்று அந்தக் கட்டுரை கணக்குச் சொல்கிறது. தக்கை எப்படிச் செய்வது, ஈயம் எவ்வளவு வைப்பது என்பதும் அதில் உண்டு. ஐந்நூறு வருடம் முன்பே விஷயம் இவ்வளவு நுணுக்கமாக இருந்திருக்கிறது.

பிறகு வந்தவர் ஐசக் வால்டன். 1653-ல் அவர் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்லர்' இன்றுவரை பதிப்பு மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு வேறு காரணம். மனிதர் பிரபு இல்லை, லண்டனில் கடை வைத்திருந்த வியாபாரி. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கும் ஒரு முன்னோடி வேண்டும் அல்லவா :-)

இப்போது ஈயக்குண்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் தூண்டில்காரர்கள் துப்பாக்கி ரவையைத்தான் எடுத்துப் பாதி பிளந்து, நரம்பை இடையில் வைத்து, கடித்து மூடினார்கள். உருண்டையான ரவையை மொத்தமாகத் தயாரிக்க வழி கண்டுபிடித்தவர் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து கொட்டினால், விழும்போதே துளிகள் உருண்டையாகிவிடும். கீழே தொட்டித் தண்ணீரில் விழுந்து இறுகிவிடும். மழைத்துளி கதைதான். தன் வீட்டின் மேலேயே ஒரு கோபுரம் எழுப்பி, 1782-ல் காப்புரிமையும் வாங்கினார். அதில் வந்த பணத்தைக் கட்டட வியாபாரத்தில் போட்டு நொடித்துப்போனார் என்பது தனிக்கதை. அந்தக் கோபுரம் 1968 வரை நின்றது.

ஆக, தூண்டில் ஈயக்குண்டின் அளவுப் பெயர்கள் எல்லாம் துப்பாக்கிக் கடையிலிருந்து வந்தவை. பெரியதற்குப் பெயர் 'ஸ்வான் ஷாட்', அதாவது அன்ன ரவை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது. சால்மன், ட்ரவுட் இரண்டும் பணக்காரர் மீன். அந்த ஆறுகள் தனியார் சொத்து. மிச்சமிருந்த நன்னீர் மீன்களுக்கு 'கோர்ஸ் ஃபிஷ்' என்று பெயர். மட்டமான மீன் என்று வைத்துக்கொள்ளலாம். ஷெஃபீல்டு கத்திப் பட்டறைத் தொழிலாளிகளும் நாட்டிங்ஹாம் நெசவுக்காரர்களும் விடுமுறை நாளில் ரயிலேறிப் போய் ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் உட்கார்ந்தது இந்த மட்டமான மீனுக்காகத்தான். கூட்டம் அதிகமாகி மீன் குறைந்தபோது, முட்டையிடும் காலத்தில் பிடிக்கக்கூடாது என்று 1878-ல் சட்டம் வந்தது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. கொண்டுவந்தவர் ஷெஃபீல்டு எம்.பி. முண்டெல்லா. கேட்டு வாங்கியவர்கள் தூண்டில்காரர்களே. தங்கள் பொழுதுபோக்குக்குத் தாங்களே கடிவாளம் கேட்டவர்கள் இவர்கள். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை நான் மறக்க விரும்பவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான் நரம்பு வந்தது. விலை மலிவு, மக்காது. கண்ணாடியிழைக் கம்பும் மலிவாகக் கிடைத்தது. தூண்டில்காரர்கள் பல லட்சமாகப் பெருகினார்கள். சிக்கிய நரம்பை அறுத்துக் குண்டோடு எறிவது, டப்பாவிலிருந்து கை தவறிச் சிதறுவது, வேறு தக்கைக்கு மாற்றும்போது பழைய குண்டைக் கழற்றிப் போடுவது. ஒருவர் விட்டது நாலு குண்டு. லட்சம் பேர் விட்டது?

கணக்குக் கேட்டது அன்னம். நீரடியில் மேயும் அன்னத்துக்குப் பல் கிடையாது. கோழி வெட்டும்போது உள்ளே மணலும் சிறு கல்லுமாக ஒரு தடித்த பை இருக்குமே, அதே அரைவைப் பைதான் அதற்கும். புல்லை அரைக்கக் கல் வேண்டும், கல்லைத் தேடி விழுங்கும். ஈயக்குண்டும் கல் மாதிரிதானே இருக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பறவைக்குக் கல்லையும் ஈயத்தையும் பிரிக்கத் தெரியவில்லை. அரைவைப் பையில் ஈயம் தேயத் தேய விஷம் ரத்தத்தில் கலக்கும். தசைகள் செயலிழக்கும். தின்றது கீழே இறங்காது. வயிறு நிறையப் புல் இருக்க, பறவை பட்டினியில் மெலியும். நிமிர்ந்த கழுத்து அடியில் மடங்கி முதுகில் சாய்ந்துவிடும். கரையில் நடப்பவர்கள் முதலில் கவனித்தது அந்த மடங்கிய கழுத்தைத்தான்.

ஷேக்ஸ்பியரை ஏவன் நதி அன்னம் என்று பென் ஜான்சன் புகழ்ந்திருக்கிறார். அவர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் 1970-களின் கடைசியில் அன்னங்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. தேம்ஸ் நதியிலும் அதே கதை. அங்கே ஆண்டுதோறும் ஜூலையில் படகில் போய் அன்னங்களைப் பிடித்து எண்ணும் அரச வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அதனால் எத்தனை குறைந்தன என்பதை மறைக்க வழியில்லாமல் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் பெரின்ஸ் குழுவினர் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, பெரும்பாலானவற்றின் சாவுக்கு ஈயம்தான் காரணம் என்று காட்டினார்கள்.

1981-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புக் குழு அறிக்கை வெளியிட்டது. தூண்டில்காரர்கள் தாமாகவே ஈயத்தைக் கைவிட ஐந்து வருடம் அவகாசம் தரப்பட்டது. நடக்கவில்லை. காரணம் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. ஈயத்தின் அடர்த்தி 11.3, தகரம் 7.3 மட்டுமே. அதே எடைக்குக் குண்டு பெரிதாகும். முதலில் வந்த மாற்றுக் குண்டுகள் நரம்பை வெட்டின, வழுக்கி விழுந்தன, விலையும் அதிகம். "நான் போடும் நாலு குண்டா அன்னத்தைக் கொன்றது?" என்று ஒவ்வொருவரும் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் எல்லாச் செலவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. செத்த அன்னத்தை எந்தக் கடைக்காரர் கணக்கில் பற்று எழுதுவது?

கடைசியில் சட்டம்தான் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயத்தை இறக்குமதி செய்யவும் விற்கவும் தடை. தூசி மாதிரிக் குண்டுகளுக்கும், விழுங்க முடியாத பெரிய எடைகளுக்கும் விலக்கு. கவனியுங்கள், அந்தச் சட்டம் கை வைத்தது ஆற்றங்கரையில் இல்லை, கடை மேஜையில். லட்சக்கணக்கான பேரைக் கண்காணிப்பதைவிடச் சில ஆயிரம் கடைகளைக் கண்காணிப்பது சுலபம். ஆற்றில் பயன்படுத்துவதற்கான தடையை வட்டார நீர் நிர்வாகங்கள் தனி விதிகளாகப் போட்டுக்கொண்டன.

பிரிட்டனில் 1983-ல் சுமார் 19,000 ஆக இருந்த அன்னங்கள் 1990-ல் 25,000-ஐத் தாண்டின. குளிர்காலங்கள் அவ்வளவு கடுமையாக இல்லாததும் ஒரு காரணம் என்பார்கள், முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. பழைய குண்டுகள் சேற்றில் அப்படியே கிடப்பதால் சாவு முழுதாக நிற்கவும் இல்லை. அமெரிக்காவில் லூன் என்ற நீர்ப்பறவை இதே மாதிரி செத்ததால், 2000-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் ஏரி குளங்களில் சிறு தூண்டில் ஈயத்தைத் தடைசெய்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்னத்தைப் பற்றி அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நம்ம கண்மாய்ல கொக்கும் நாரையும்தான்டா மருமகனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ பல்லால கடிச்ச எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். இனிமேல் கடிக்காதீர்கள் மாமா என்றேன். ஈயத்துக்குப் பதில் சைக்கிள் நட்டு ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். தக்கை மொத்தமாக முழுகிவிட்டது. மாமா பழைய ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, அதைவிடச் சின்ன நட்டு இருக்கிறதா என்று கழற்ற ஆரம்பித்தார்.