மழையா குற்றவாளி?

ஐப்பசி பிறந்து வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நம் ஊரில் பல வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். கூடத்தில் ஒரு வாளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு குண்டான், டி.வி. மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்! 'சொட்... சொட்...' என்று தண்ணீர் விழ, வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துச் சொல்வார்: "என்ன மழைங்க இது... பேய் மழை!"

கவனித்தீர்களா? கட்டிய மேஸ்திரியைத் திட்டவில்லை. மூன்று வருடமாக மாடிப்பக்கமே எட்டிப் பார்க்காத தன்னையும் திட்டிக்கொள்ளவில்லை. பழி மொத்தமும் மழை மேல்! மழை வந்து எதிர்வாதம் செய்யாது என்கிற தைரியம்தான்.

உத்திரமேரூர் பக்கம் நீங்கள் ஒரு பண்ணை வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்காற்று வாங்க ஆசைப்பட்டு, இரும்புச் சட்டத்தின் மேல் ப்ளைவுட் அடித்து மாடியில் ஒரு 'டெக்' போடுகிறீர்கள். "சார், வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட், மேல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார் கான்ட்ராக்டர். இரண்டு மழைக்காலம் போகிறது. கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பி, ஓரத்தில் பலகை ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. ஏன்?

ப்ளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பசை போட்டு அழுத்திய பலகை. 'வாட்டர்ப்ரூஃப்' என்கிற வார்த்தை முக்கியமாக அந்தப் பசையைப் பற்றியது. கப்பல், படகு வேலைக்கென்று ஐ.எஸ். 710 முத்திரையோடு வரும் மரைன் ப்ளைவுட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் பசை விடாது. ஆனால் மரம், மரம்தானே! ஈரம் குடித்தால் உப்பும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும்.

பலகையின் முகத்தில் தண்ணீர் அவ்வளவு சுலபமாக இறங்காது. அது நுழைகிற வாசல்கள் வேறு. ரம்பம் போட்டு அறுத்த ஓரம், இரண்டு பலகை சேரும் இடுக்கு, ஸ்க்ரூ இறங்கிய துளை, பலகையும் சுவரும் சந்திக்கிற மூலை. நடுவில் மூன்று கோட் அடித்துவிட்டு இந்த வாசல்களைத் திறந்து வைத்தால், கோட்டிங் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு வெளியே போக விடாமல் பூட்டி வைக்கும் வேலையைத்தான் செய்யும்!

விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பலகையை நன்றாகக் காயவைக்கிறார்கள். அடிப்பதற்கு முன்பே நாலு ஓரத்துக்கும் சீலர் தடவுகிறார்கள். இரண்டு பலகைக்கு நடுவே மரம் உப்புவதற்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ரப்பர் மாதிரி இழுபடும் சீலண்ட்டால் நிரப்புகிறார்கள். மேலே கண்ணாடி நார் வலையை ஒட்டி, அது மூழ்கும்படி கோட்டிங் கொடுக்கிறார்கள். சுவர் மூலையில் கோட்டிங்கை நிறுத்தாமல் சுவர் மேலும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம், பலகைக்கு அடியில் காற்றோட்டம். அவ்வளவுதான் ரகசியம்.

'வலையை ஒட்டி மேலே பூசுவது' ஏதோ நவீன சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஆகாயத்தில் பறந்த டெக்னிக் அது! அந்தக் கதையில் நம்ம ஊர்த் துணியும் வருகிறது, நம்ம ஊர் மழையும் வருகிறது.

1940 நவம்பர் 25. இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரித்த 'மஸ்கிட்டோ' (ஆமாம், கொசுதான்!) முதல் தடவையாகப் பறந்தது. உலோகத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். ஆகவே விமானத்தையே மரத்தில் செய்தார்கள். பிர்ச் மர ப்ளைவுட், நடுவில் தக்கை மாதிரி லேசான பால்ஸா மரம், ஒட்டுவதற்குப் பசை. தச்சுப் பட்டறையில் பிறந்த அந்த விமானத்தின் வேகத்தைப் பார்த்து ஜெர்மானியர்களே அசந்துபோனார்கள். மொத்தம் 7,700-க்கும் மேல் தயாராயின.

ப்ளைவுட் நனையாமல் இருக்க என்ன செய்தார்கள்? மெல்லிய பருத்தித் துணியை மேலே போர்த்தி, 'டோப்' என்கிற திரவத்தைப் பூசி விறைப்பாக்கி, அதற்கு மேல் பெயிண்ட் அடித்தார்கள். அந்தத் துணிக்குப் பெயர் 'மடபோலம்'. கோதாவரிக் கரையில் நரசாபூர் பக்கம் இருக்கும் மாதவாயிபாலெம் என்ற ஊரின் பெயர்தான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கே பண்டகசாலை இருந்தது. பழைய மதராஸ் ராஜதானிக்குள் அடங்கிய ஊர். பிற்பாடு நெசவு இங்கிலாந்துக்குப் போய்விட்டாலும் பெயர் மட்டும் போகவில்லை!

இந்த மரக்கொசு இந்தியாவுக்கும் வந்தது. பர்மா முனையில் ஜப்பானியர்களோடு சண்டை. 1944-ன் கடைசியில் இங்கே சில மஸ்கிட்டோக்கள் இறக்கை பிய்ந்து விழுந்தன. விமானிகள் செத்தார்கள். இறக்கையின் மேல்தோல் உள்ளே இருக்கும் உத்திரத்தை விட்டுப் பெயர்ந்து எழும்பியிருந்தது. "பருவமழை, புழுக்கம்... பசை தாங்கவில்லை" என்று பேச்சு கிளம்பியது.

விசாரிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்தது. தலைவர் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட். பெயரைப் பார்த்தாலே புரியுமே... கம்பெனியை ஆரம்பித்த ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் உடன்பிறந்த தம்பி! அண்ணன் கம்பெனியின் விமானம், தம்பி தலைமையில் விசாரணை. டிசம்பர் தொடக்கத்தில் அறிக்கை வந்தது. பசை கெட்டுப்போகவில்லை, மழைக்கால ஈரத்தில் மரக்கூடு தன் அளவு மாறியதுதான் காரணம் என்றது. சுருக்கமாகச் சொன்னால், குற்றவாளி மழை.

கதை அதோடு முடியவில்லை. அடுத்தடுத்து வேறு நிபுணர்களும் ஆராய்ந்தார்கள். விமான உற்பத்தி அமைச்சகத்தின் குழு இங்கிலாந்திலேயே இருந்த மஸ்கிட்டோக்களைச் சோதித்தது. நம் பருவமழையைக் கண்ணாலும் பார்க்காத விமானங்கள். அவற்றிலும் அதே கோளாறு! பலகைகள் சரியாகப் பொருந்தாத இடுக்குகள், அரைகுறையாக ஒட்டிய பசை. குற்றம் பட்டறையில் இருந்தது. ஆனாலும் விமானத்தின் மேல் நம்பிக்கை போய்விடக் கூடாதே என்று, 'பெரும்பாலும் தட்பவெப்பம்தான் காரணம்' என்கிற பல்லவியையே விமானத் துறை பாடிக்கொண்டிருந்தது.

சரி, தண்ணீர் புகாமல் இருக்கக் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்கையின் மேல்தோல் சேரும் இடுக்கின் நீளம் முழுக்க ஒரு ப்ளைவுட் பட்டையை வைத்து அடைத்தார்கள். உங்கள் மாடி டெக்கின் இடுக்கில் வலை ஒட்டச் சொன்னேனே, அதே வைத்தியம்!

இதையெல்லாம் கேட்டால் நம்ம ஊர்ப் பழைய கொத்தனார் சிரித்திருப்பார். மரத்தின் மேல் தண்ணீர் நிற்காத தளம் போடுவது அவருக்குக் கைவந்த கலை. பழைய மச்சு வீடு ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தேக்கு உத்திரக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று உலகம் முழுக்கக் கட்டடக்கலைப் புத்தகங்களில் பெயர் வாங்கிய சமாச்சாரம் இதுதான்.

அதற்கு மேல்தான் நம் விஷயம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சில அங்குல உயரத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தாளம் தப்பாமல் தட்ட, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஜல்லி இறுகி, கட்டை பட்டால் துள்ளுகிற பதம் வரும் வரை விடமாட்டார்கள். பிறகு தட்டோடு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெள்ள மெள்ளக் குடித்து மறுபடி கல்லாக மாறும். வீடு கொஞ்சம் அசைந்தாலும் சிமென்ட் மாதிரி 'பட்'டென்று பெரிதாக வெடிக்காது. மயிரிழை விரிசல் விட்டால் சுண்ணாம்பே கரைந்து வந்து அதை ஓரளவு அடைத்துக்கொள்ளும்.

அப்படியும் அந்த வீடுகள் பல இடிந்துபோனது ஏன்? எமன் நுழைவது எப்போதும் ஓரத்தில்தான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஓர் அரசங்கன்று முளைக்கும். தண்ணீர் போகும் தூம்பில் இலைச்சருகு அடைக்கும். சுவருக்குள் செருகிய உத்திரத்தின் நுனி, யாருக்கும் தெரியாமல் ஈரம் குடித்து உளுத்துப்போகும். பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடந்த வீடுகள்தான் முதலில் விழுந்தன.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒரு சங்கதி உண்டு. வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் வருடா வருடம் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் புத்தகத்தில் லாபம் காட்டும், நிஜத்தில் கூரை ஒழுகும்! தேய்மானமே இல்லாத கோட்டிங் எந்தக் கடையிலும் கிடையாது. பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் பொருளை விற்கவில்லை. உங்கள் சோம்பேறித்தனத்துக்கு விலை பேசுகிறார்.

இந்தப் பாடத்தைக் கற்க காலேஜுக்குப் போகவேண்டியதில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனால் போதும். கல்லில் எழுதியே வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் போட்ட கிடுக்கிப்பிடியை இன்றைக்கும் மெச்சத்தான் வேண்டும்.

அந்த வாரியங்களில் ஒன்று, ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். ஊரின் உயிர் ஏரியில் இருந்தது. ஏரிக்கரை என்பது என்ன? ஊருக்கே போட்ட வாட்டர்ப்ரூஃப் தளம்தானே! மண் கரையும் மதகின் கட்டுமானமும் சேருகிற இடம்தான் அங்கேயும் ஆபத்து. அந்த இடுக்கில் கசிவு ஆரம்பித்தால் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

வாரியத்தில் உட்கார என்னென்ன தகுதி? 35 வயதுக்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். தன் கூரையைத் தானே பார்த்துக்கொள்கிறவனிடம்தான் ஊர் ஏரி! பதவி 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு மறுபடி வரமுடியாது. குற்றம் தெரியவந்தால் பாதியிலேயே நீக்கம்.

எல்லாவற்றையும் விட இதைக் கேளுங்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன், மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய சகோதரன், மாமனார், மருமகன், அத்தை மகன், மாமன் மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள்... யாருக்கும் இடமில்லை! கணக்கு எழுதுகிறவருக்கும் விதி உண்டு. அவர் எழுதிய கணக்கை அவரேதான் வந்து ஒப்பிக்க வேண்டும். இன்னொரு கணக்கர் வந்து முடித்துவைக்க முடியாது.

மஸ்கிட்டோ கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1944-ல் அண்ணன் கம்பெனியைத் தம்பி விசாரித்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு சோழநாட்டு ஊர், கணக்குக் காட்டாதவனின் தம்பியைக் குடத்தின் பக்கமே விடவில்லை. ஏரி உடைந்தால் 'பேய் மழைங்க' என்று சொல்லித் தப்பிக்க அங்கே வழியில்லை. போன 360 நாளில் நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

ஆகவே, உங்கள் தளம் ப்ளைவுட்டோ, சுண்ணாம்போ, கான்கிரீட்டோ... ஆவணி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறுங்கள். நடுவில் பார்க்காதீர்கள், ஓரம், மூலை, இடுக்கு, தூம்பு என்று பாருங்கள். முளைத்த செடியை வேரோடு பிடுங்குங்கள். வெடித்த சீலண்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கோட்டிங் அடித்து முடித்ததும் இன்னொரு வேலையும் பாக்கி. ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் எழுதிவையுங்கள். எந்தத் தேதியில் அடித்தது, யார் செய்தது, எவ்வளவு செலவு, அடுத்து எப்போது பார்க்க வேண்டும்.

உத்திரமேரூர்க்காரர்கள் கல்லில் எழுதினார்கள். நமக்குப் பெயிண்ட் போதும்!