இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள், இரண்டு வாரம் லீவு

எங்கள் தெருவில் எங்கள் சைக்கிளுக்கு "ரெட்டை மாட்டு வண்டி" என்று பெயர். காலை ஐந்தரை மணிக்கு நானும் என் மனைவியும் அதை வாசலில் இருந்து வெளியே தள்ளும்போது பால் போடும் பையன் சிரிப்பான். எதிர் வீட்டு நண்பர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், போன மாதம் நேராகவே கேட்டுவிட்டார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இது? ஆளுக்கு ஒரு சைக்கிள் இருந்தா போதாதா?" அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் கொஞ்சம் நீளம். அதில் 1936-ஆம் வருடம் வருகிறது, நம்ம ஊர் மில்லும் வருகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. டாண்டம் என்பது ஒருவர் பின் ஒருவர் உட்கார்ந்து இருவரும் மிதிக்கும் சைக்கிள். இரண்டு ஜோடி பெடலையும் ஒரு செயின் இணைக்கிறது. இன்னொரு செயின் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் இருப்பவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தவேண்டும். ஹேண்டில், பிரேக் எல்லாம் முன்சீட்டுக்காரர் கையில். ஏறும்போதும் இறங்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாவிட்டால் இருவரும் விழவேண்டியதுதான். மேட்டில் ஆமை, இறக்கத்தில் முயல். குறுகிய தெருவில் திருப்புவதற்கு மட்டும் லாரி டிரைவரின் பொறுமை வேண்டும்.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். லத்தீன் வகுப்பில் 'டாண்டம்' என்ற சொல்லுக்கு "கடைசியில், ஒருவழியாக" என்று பொருள் எழுதிப் போட்டார்கள். சிசேரோவின் புகழ்பெற்ற கட்டிலினா உரையில் முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல் வரும். அதற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் இரண்டு குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டாமல் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டும் வண்டிக்கு, லத்தீன் படித்த யாரோ வேடிக்கையாக இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அது சைக்கிளுக்கு வந்தது.

1886-இல் இங்கிலாந்தின் பிகிள்ஸ்வேடு என்ற சிற்றூரில் டான் ஆல்போன் என்ற சைக்கிள் தயாரிப்பாளர், ஏ.ஜே. வில்சன் என்பவருடன் சேர்ந்து ஒரு டாண்டம் செய்தார். அந்தக் காலத்து டாண்டம்கள் பலவற்றில் பெண்ணுக்கு முன்சீட். மரியாதைக்காக முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஆண் பின்னால் இருந்தபடி இணைப்புக் கம்பி மூலம் ஹேண்டிலைத் திருப்புவான். 1892-இல் ஹாரி டேக்கர் எழுதிய "டெய்சி பெல்" பாட்டு இந்த வண்டியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. கோச்சு வண்டி வைத்துக் கல்யாணம் செய்ய வசதி இல்லாதவன், இருவர் போகும் சைக்கிளைக் காட்டிப் பெண் கேட்கிறான். அப்போதே இது காசில்லாத ஜோடியின் வாகனம் என்று பெயர் வாங்கிவிட்டது.

எங்களுக்கு இந்த வண்டி அறிமுகமானது 2012-இல். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மனைவியின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பிறகு பிரான்சிலேயே தூர் நகரத்தில் தங்கிவிட்டவர். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனோம். அந்த ஊர் லுவார் நதிக்கரையில் இருக்கிறது. நதியை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். அம்புவாஸ் என்ற ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கப் போனபோது, என் மனைவி, "எனக்குச் சைக்கிள் விடத் தெரியாதுங்க. நீங்க போய்ட்டு வாங்க, நான் அண்ணியோட இருக்கேன்" என்றாள். கடைக்கார அம்மாள் ஒரு டாண்டத்தை உருட்டிக்கொண்டு வந்து, "பின்சீட்டுக்கு ஓட்டத் தெரியவேண்டாம், மிதித்தால் போதும்" என்றார்.

அந்தக் கடைச் சுவரில் ஒரு பழைய போட்டோ. ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்ட இளம் ஜோடி, டாண்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யார் என்று கேட்டேன். "என் அப்பா அம்மா. முப்பத்தாறு" என்றார். அங்கே வருடத்தை மட்டும் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை.

அன்று அம்புவாஸில் இருந்து சோமோன் வரை சுமார் 20 கிலோமீட்டர் போனோம். முழுப்பகல் ஆனது. லியோனார்தோ தா வின்சி 1519-இல் இறந்த வீடு அம்புவாஸில்தான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். வழியில் இரண்டு முறை விழப் பார்த்தோம். ஒரு மரத்தடியில் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டோம். அவசரமே இல்லை. திரும்பி வந்தபின்தான் அந்த முப்பத்தாறைப் பற்றிப் பள்ளியில் படித்ததை எல்லாம் மறுபடி தேடிப் படித்தேன்.

1936 மே மாதத் தேர்தலில் பிரான்சில் மக்கள் முன்னணி வென்றது. லெயோன் ப்ளும் ஜூன் 4-ஆம் தேதி பிரதமரானார். நாடு முழுக்க வேலை நிறுத்தம், தொழிலாளர்கள் ஆலைகளுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் 7-ஆம் தேதி இரவு மாத்திஞோன் மாளிகையில் முதலாளிகளும் தொழிற்சங்கமும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஜூன் 20-இல் சட்டம் வந்தது: ஒரு வருடம் வேலை பார்த்த எவருக்கும் வருடத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு. மறுநாளே இன்னொரு சட்டம்: வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை.

சம்பளம் பிடிக்காமல் லீவா என்று பலருக்கும் நம்பிக்கையே வரவில்லை. லீவு கிடைத்தாலும் எங்கே போவது, எதில் போவது? ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லெயோ லாகிராஞ் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். அந்த டிக்கெட்டுக்கே லாகிராஞ் டிக்கெட் என்று பெயர். பலர் அதில் போய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். கார் வாங்க முடியாத இளம் ஜோடிகள் டாண்டத்தில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பலம் அதிகம் உள்ளவரும் குறைவாக உள்ளவரும் ஒரே வேகத்தில் போக இதைவிட மலிவான வழி கிடையாது. அந்தக் கோடைகாலத்தின் அடையாளமாக இன்றும் டாண்டம் போட்டோவைத்தான் போடுகிறார்கள்.

நாலு வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1940 ஜூனில் லாகிராஞ் போர்முனையில் இறந்தார். ஜெர்மனியிடம் தோற்ற பழியை விஷி அரசு ப்ளும் மீது போட்டு, 1942-இல் ரியோம் நகரில் விசாரணை வைத்தது. தொழிலாளிகளுக்கு லீவும் ஓய்வும் கொடுத்து நாட்டைச் சோம்பேறி ஆக்கியதாகக் குற்றச்சாட்டு. ப்ளும் சொன்ன பதிலின் சாரம் இது: பதவியில் இருந்தபோது நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தது குறைவு, ஆனால் வந்தபோதெல்லாம் பாரிஸைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்ட தொழிலாளி ஜோடிகள் டாண்டத்தில் போவதைப் பார்த்தேன், கஷ்டமும் இருட்டுமான வாழ்க்கையில் கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவந்தோம் என்று தோன்றியது. தலை தப்புமா என்று தெரியாத கோர்ட்டில் ஒரு முன்னாள் பிரதமர் டாண்டத்தைச் சாட்சிக்கு இழுத்தார். படித்தபோது கடைக்கார அம்மாளின் சுவர்ப்படம் கண்ணுக்குள் வந்தது.

இனி நம்ம ஊர். அதே 1936-இல் அதே கொடி இங்கும் பறந்தது. சவானா, ரோதியே, கெப்ளே என்று மூன்று பெரிய மில்கள். அவற்றின் தொழிலாளர்கள் கேட்டவற்றில் முக்கியமானது எட்டு மணி நேர வேலை. வ. சுப்பையா 1934-இல் தொடங்கிய "சுதந்திரம்" பத்திரிகை அவர்களுக்குத் துணை நின்றது. ஜூலை 30-ஆம் தேதி சவானா மில்லில் வேலை நிறுத்தம் செய்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். கணக்குப் பாருங்கள்: பாரிஸில் லீவுச் சட்டம் ஜூன் 20. நம்ம ஊரில் துப்பாக்கிச் சூடு ஜூலை 30. இடையில் 40 நாள். பாரிஸில் இருந்த அரசு ஒன்றுதான். அங்கே தொழிலாளி ஜோடி டாண்டத்தில் கிளம்பிய அதே கோடையில் இங்கே எட்டு மணி நேரம் கேட்டவர்கள் தெருவில் கிடந்தார்கள். என் பள்ளிப் புத்தகத்தில் ஜூன் 20 இருந்தது. ஜூலை 30 இல்லை. அதை நான் என் ஆயாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

என் தாத்தா மில் தொழிலாளி. இருட்டில் போய் இருட்டில் வருவார் என்று ஆயா சொல்லும். அவர் மகன், அதாவது என் அப்பா, பகலில் தாத்தாவின் முகத்தைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைதானாம். சூடு நடந்து அடுத்த வருடம், 1937 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அதன் வழியாகத்தான் கிடைத்தன. "அதுக்கப்புறம்தான் உங்க தாத்தா வெளிச்சத்துல வீட்டுக்கு வந்தாரு" என்பது ஆயாவின் சரித்திரப் பாடம். ஜூலை 30-இல் இன்றும் தொழிற்சங்கத்தார் அந்தப் பன்னிரண்டு பேருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இப்போது என் விஷயம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1972-இல் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தேன். தாத்தா கனவிலும் காணாததெல்லாம் எனக்கு விதிப்புத்தகத்திலேயே இருந்தது. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, அதோடு 1956-இல் மத்திய அரசு கொண்டுவந்த எல்.டி.சி. பயணச் சலுகை. குடும்பத்தோடு ஊர் சுற்றச் சர்க்காரே டிக்கெட் காசு தரும். நம்ம ஊர் லாகிராஞ் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி பள்ளி ஆசிரியை. அவளுக்கு மே மாதம் லீவு. எனக்கோ மே மாதம் என்றால் முடிக்கவேண்டிய கணக்குகள், மாற்றல் உத்தரவுகள், ஏதாவது ஒரு அவசரம். நடுவில் ஐந்து வருடம் காரைக்காலில் வேறு. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எத்தனை முறை சொன்னேன் என்று அவள்தான் கணக்கு வைத்திருக்கிறாள். கூட வேலை பார்த்தவர்கள் கன்னியாகுமரிக்கும் காசிக்கும் போனபோது நான் அவர்களுடைய பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற அன்று 300 நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தது. அதற்கு மேல் காசாக்க விதி இடம் தராது. செக்கை வாங்கிப் பெருமையாக வீட்டில் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "முந்நூறு நாளா?" என்றாள். அவ்வளவுதான். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பணத்தில்தான் வீட்டு மாடி கட்டினோம். மாடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை.

பிரான்சில் இருந்து வந்த அடுத்த வருடம், ஆரோவில்லை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தன் டாண்டத்தை விற்றார். வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள், வெயிலுக்கு முன்னால் கிளம்புவோம். துமா வீதி, ரோமென் ரோலான் வீதி, துய்ப்ளே சிலை, ஒரு டீ. சில நாள் கடலூர் சாலையில் முதலியார்பேட்டை வரைக்கும். ஏ.எப்.டி. மில் கேட் பக்கம் வரும்போது இரண்டு பேரும் மிதிப்பதை நிறுத்துவோம். மில் 2020-இல் மூடிவிட்டார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது மில் சங்கு ஊதினால் ஊரே மணி சரி பார்க்கும். இப்போது காக்கை சத்தம் மட்டும்.

கல்யாணமான புதிதில் என் ராலே சைக்கிளின் கேரியரில் இவளை உட்கார வைத்து நேரு வீதிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அப்போது மிதித்தது நான், பார்த்தது அவள், முந்திப் போகும் அவசரமும் எனக்குத்தான். இப்போது நான் வேகம் எடுத்தால் பின்னால் இருந்து, "ஏங்க, ஆபீசுக்கா போறோம்?" என்று குரல் வரும். உடனே குறைப்பேன். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டால் என் பாடு திண்டாட்டம், அது அவளுக்கும் தெரியும்.

எதிர் வீட்டு நண்பருக்குப் பதில் இதுதான். ஆளுக்கு ஒரு சைக்கிள் இருந்தால் ஊர் சுற்றலாம், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் டாண்டத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வேண்டும். அது சும்மா கிடைக்கவில்லை. ஒரு நாட்டில் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள், நம்ம ஊரில் பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதன் பலன் என் கைக்கு வந்தும் 38 வருடம் நான் அதைப் பீரோவில் பூட்டி வைத்தேன். வேலையில் இருக்கும் இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் லீவு எழுதிக் கொடுங்கள், வீட்டில் இருப்பவரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், இருவரும் ஒரே தேதியில்.

லத்தீன் வாத்தியார் போர்டில் எழுதிய பொருள் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கடைசியில், ஒருவழியாக. நாளைக்குக் காலையில் மழை இல்லாவிட்டால் தாவரவியல் பூங்கா வரை போவதாக இருக்கிறோம்.