ஆயில் பம்பு ஏறிய இரண்டாவது வண்டி

பெரம்பலூரில் கழற்றி அரியலூருக்கு நான் விற்ற ஆயில் பம்பு, முதன்முதலில் எஞ்சினில் ஏறியது ஹரியானாவின் மானேசரில். ஃபியட் 2003-இல் கொண்டுவந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினை மாருதி அங்கே உரிமம் பெற்றுத் தயாரித்து, 2007 ஜனவரியில் ஸ்விஃப்டிலும் மறு ஆண்டு டிசையரிலும் வைத்தது. டாடா, செவர்லே கார்களிலும் அதே எஞ்சின்தான் ஓடியது. அதனால் ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே பேர் வாங்கியது. பிஎஸ்-6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலைக் கைவிட்டுவிட்டது. சாலையில் இருக்கும் வண்டிகளை யார் கைவிடுவது? பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ராத்திரியில் ஒருவரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வாசலில் வந்து நிற்பது பல சமயம் இந்த டீசல் டிசையர்தான்.

இந்த எஞ்சினில் பம்பு தனியாக இருக்காது. டைமிங் செயினை மூடுகிற முன்பக்க அலுமினியக் கவரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பல் வைத்த ஒரு சக்கரம், அதைச் சுற்றி இன்னொன்று, அவ்வளவுதான். கிராங்க் சுற்றும்போது இரண்டும் சுற்றி, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பில் கிடக்கும் மூன்று லிட்டர் சொச்சம் ஆயிலை உறிஞ்சி மேலே தள்ளும். டர்போ வண்டிக்கு இதுதான் உயிர். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. அந்த வேகத்தில் அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். பிரஷர் கொஞ்ச நேரம் விட்டுப்போனாலே தண்டும் பேரிங்கும் தேய ஆரம்பிக்கும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதே ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

என் வண்டியில் இருந்ததும் இந்த எஞ்சின்தான். டிஎன் 46, பெரம்பலூர் பதிவு. ஆடிக் காற்றில் புளியமரம் முறிந்து, நிறுத்தியிருந்த வண்டியின் மேல் விழுந்தது. கூரையும் பின்பக்கமும் நசுங்கிப்போயின, எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. பழைய வண்டி என்று தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தேன். அதில் மரம் விழுந்ததற்கெல்லாம் பணம் வராது. பாகம் பாகமாக விற்பதுதான் வழி. இனி ஓடவே முடியாது என்றாகிவிட்ட வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. அந்த வேலையை முதலில் முடித்தேன். பழைய சாமான் வாங்குகிறவருக்கு இது திருட்டு வண்டிச் சாமானோ என்ற பயம் இருக்கும். அதற்குக் காகிதம்தான் மருந்து.

விசாரித்தவர்கள் எல்லாம் விலையில்தான் ஆரம்பித்தார்கள். அரியலூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் மட்டும், “அண்ணே, எஞ்சின் செத்துப் போய்க் கழட்டுனதா, உயிரோட கழட்டுனதா?” என்றார். இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. ஆயில் ஃபில்டர் இருப்பது பம்புக்கு அப்புறம். பம்புக்கு முன்னால் காவலுக்கு இருப்பது சம்புக்குள் ஒரு கம்பிவலை ஜல்லடை மட்டும். எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்தாலும் டர்போ உடைந்தாலும், வலையில் நுழையும் அளவு பொடி எல்லாம் முதலில் பம்பைக் கடந்துதான் ஃபில்டருக்குப் போகும். ஆயில் இல்லாமல் செத்த எஞ்சினின் பம்பை வாங்கி இன்னொரு வண்டியில் மாட்டுவது, அதே சாவைக் காசு கொடுத்து வாங்குவது. சென்னை புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடைகளில் இதே சாமான் கிடைக்கும். ஆனால் எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி எப்படிப் போனது என்று சொல்ல அங்கே பெரும்பாலும் ஆள் இருக்காது.

வாய்வார்த்தையை அவர் நம்பவில்லை, நம்பியிருக்கவும் கூடாது. கவரைத் திருப்பிப் போட்டு பின்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். இரண்டு சக்கரங்களையும் எடுத்து, எந்த முகம் மேலே இருந்தது என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டார். அலுமினியச் சுவரில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் மாட்டவில்லை. ஃபீலர் கேஜ் தகட்டை வெளிச்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகி இடைவெளி பார்த்தார். அழுத்தம் மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் பிஸ்டனை விரலால் அழுத்தி விட்டார், அது தடங்கல் இல்லாமல் திரும்பி வந்தது. தன் வண்டியிலிருந்து கழற்றிய பம்பையும் கொண்டுவந்திருந்தார். அதன் சுவரில் வட்டம் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

அந்த வண்டியின் கதை அரியலூர்க் கதை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும் பாதையில், குழியில் இறங்கி சம்பு அடிவாங்கியிருக்கிறது. நெளிந்த சம்பு ஜல்லடையின் வாயை அடைத்துவிட்டது. ஆயில் லைட் எரிந்தது, டிரைவர் வீடு வரை ஓட்டிவிட்டார். இதை எழுதுவதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என்றாலும் சரி: சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் நின்ற இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள், வீடு பத்தடியில் இருந்தாலும்.

இரண்டு கவரின் பார்ட் நம்பரையும் ஒத்துப் பார்த்தோம். ஒரே எஞ்சின் பல கம்பெனிகளில் பல மாதிரி வந்திருப்பதால், பார்வைக்கு ஒன்றாக இருப்பது போதாது. புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பேசி முடித்தோம். ஆயில் வாய்களைத் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றி, அரியலூர் பஸ்ஸில் அவரே மடியில் வைத்துக்கொண்டு போனார். சுமார் 30 கிலோமீட்டர்.

மாட்டுவதில்தான் பல பம்புகள் வீணாகின்றன. கிராங்க் சீல் புதிது போட வேண்டும். கவரும் சம்பும் சேரும் இடத்தில் பசையை அள்ளிப் பூசினால், பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஜல்லடையில் போய் அடைக்கும். காய்ந்த பம்பு ஆயிலை உறிஞ்சத் திணறும், ஆகவே மூடுவதற்கு முன் சக்கரங்களை ஆயிலில் நனைக்க வேண்டும். அவர் இதையெல்லாம் செய்தார். சம்பும் ஜல்லடையும் புதிது, டர்போவைப் பிரித்துச் சரிசெய்து அதற்கு ஆயில் போகும் சின்னக் குழாயையும் மாற்றினார். இன்ஜெக்டர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஆயில் லைட் அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்தார்.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் திரும்ப மாற்ற வேண்டும். இப்போது அந்த வண்டி டிஎன் 61 பலகையோடு அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடையே ஓடுகிறது. சொன்ன கணக்குக்கு ஆயிலை இறக்கியவர், ஃபில்டர் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு போன் செய்தார். மினுக்கும் பொடி எதுவும் இல்லை என்றார். என் எஞ்சினின் இன்ஜெக்டர்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் கேட்டார்.