கராபாத் வீதியின் சங்கீதம்

காபூல் மாநகரின் பழைய பகுதியில், பாலா ஹிஸ்ஸார் கோட்டைக்கு அணித்தே, கராபாத் என்னும் வீதி இருந்தது. 1860-களில் ஆப்கானிஸ்தானத்தை ஆண்ட அமீர் ஷேர் அலி கான், தம் சபையை அலங்கரிப்பதற்கென்று வட இந்தியாவிலிருந்து வரவழைத்த பாடகர்களும் வாத்தியக்காரர்களும், அழைத்தபோதெல்லாம் அரண்மனைக்குச் சென்று சேர வசதியாகக் குடியமர்த்தப்பட்ட இடம் அது. ஹிந்துஸ்தானி ராகங்களையும் தாளங்களையும் கைம்முதலாகக் கொண்டு வந்த அக்குடும்பங்கள், அவற்றைப் பாரசீகக் கஜல்களோடு பொருத்தி, பஷ்தூன் மக்களின் ரபாப் என்னும் தந்தி வாத்தியத்தோடு இணைத்து, சில தலைமுறைகளுக்குள் காபூலுக்கே உரிய ஒரு சங்கீத சம்பிரதாயத்தை உருவாக்கிவிட்டன. இன்று நாம் ஆப்கானிய சாஸ்திரிய சங்கீதம் என்று போற்றுவது, இவ்வாறு ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் சிருஷ்டியே.

அந்த வீதியின் பெருமைக்கு உரியவர்களில் முதல்வர் உஸ்தாத் காசிம். அமீர் ஹபீபுல்லா, அரசர் அமானுல்லா ஆகிய இருவர் சபைகளிலும் பாடிய அவரை, ஆப்கானிய சங்கீதத்தின் தந்தை என்றே அந்நாட்டார் அழைக்கிறார்கள். அவருக்குப் பின் வந்த உஸ்தாத் சராஹங், கராபாத்தில் பிறந்து, இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து, பாட்டியாலா கரானா என்னும் சங்கீதப் பரம்பரையின் ஆஷிக் அலி கானிடம் சிக்ஷை பெற்று, காபூல் திரும்பி, பாரசீக மகாகவி பேதிலின் கஜல்களைப் பாடுவதில் நிகரற்றவராக விளங்கினார். பாட்னாவில் பிறந்து தில்லியில் மறைந்த பேதிலை நம் நாட்டார் பெரிதும் மறந்துவிட்ட காலத்திலும், காபூலின் சாதாரண ஜனங்கள் நெஞ்சில் நிறுத்திப் போற்றியதற்கு, சராஹங்கின் சாரீரமும் ஒரு முக்கிய காரணம் என்பது என் துணிபு.

ரபாபைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முசுக்கட்டை மரத்தைக் குடைந்து, அடிப்பகுதியில் ஆட்டுத்தோல் போர்த்தி, மூன்று பிரதான தந்திகளையும், அவற்றின் பக்கத்தில் தாமே உடன் அதிர்ந்து நாதத்தை நீட்டிக்கும் மெல்லிய உலோகத் தந்திகள் பலவற்றையும் கட்டிச் செய்யப்படும் இவ்வாத்தியத்திலிருந்தே நமது சரோத் பிறந்தது என்பது சரோத் பரம்பரையினரே பெருமையோடு கூறிக்கொள்வது. ரபாபைக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக உயர்த்தியவர் உஸ்தாத் முகம்மது உமர். காபூல் வானொலியின் வாத்தியக் குழுவை நடத்திய அவர், 1974-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தபோது, அவருக்குத் தபலா வாசித்தவர் இளைஞராயிருந்த ஜாகிர் ஹுசேன்.

அரசர்களின் சபை போனபின் வானொலியும் கல்யாண வீடுகளுமே கராபாத்தியர்களுக்கு ஜீவனம் அளித்தன. சமூகத்தில் தாழ்ந்தவராக எண்ணப்பட்ட அதே குலத்தவரை உஸ்தாத் என்று கைகூப்பி வணங்கவும் செய்த ஒரு தேசம், அவர்களுக்கு மரியாதையைவிட வேலையையே நிச்சயமாகக் கொடுத்து வந்தது. 1992-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் ராக்கெட்டுகள் விழுந்து கராபாத் இடிபாடாயிற்று. குடும்பங்கள் பாகிஸ்தானின் பெஷாவருக்கு ஓடின. 1996-ல் காபூலைப் பிடித்த தாலிபான்கள் வாத்தியங்களையே தடை செய்து, பறித்த ஒலிநாடாக்களைச் சாலைக் காவல் சாவடிகளில் கம்பங்களில் தொங்கவிட்டபோது, வானொலி ஊழியர்கள் பழைய ஒலிப்பதிவுகளை மறைத்து வைத்துக் காத்தார்கள். அவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும்.

எனினும் நாடா காக்கப்படுவதனால் சங்கீதம் காக்கப்பட்டதாகாது. ஒரு ராகத்தின் எந்த ஸ்வரத்தில் நின்று எதைத் தொடாமல் நழுவ வேண்டும் என்பதை, உஸ்தாத் தம் ஷாகிர்தை, அதாவது சீடனை, எதிரில் உட்காரவைத்து, வருஷக் கணக்கில் திருத்தித் திருத்தியே போதிக்கிறார். இதை உணர்ந்துதான் ஆகா கான் அமைப்பு, தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின், 2003-ல் காபூலில் முதிய உஸ்தாதுகளுக்கு ஊதியம் அளித்து மாணவர்களை அமர்த்தியது. 2010-ல் அகமத் சர்மஸ்த் நிறுவிய ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கழகத்திலோ, சிறுவரோடு சிறுமியரும் அருகருகே அமர்ந்து கற்றார்கள். பெண்களே அடங்கிய ஜோஹ்ரா என்னும் வாத்தியக் குழுவும் அங்கே உதித்தது. 2014-ல் அக்கழக மாணவர்கள் வாசித்த அரங்கில் வெடித்த குண்டு சர்மஸ்தின் செவிப்புலனைப் பாதித்தும், அவர் பள்ளியை மூடவில்லை.

2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் காபூலைப் பிடித்தார்கள். அதே மாதத்தில் நாட்டுப்புறப் பாடகர் பவாத் அந்தராபி சுட்டுக் கொல்லப்பட்டார்; 2023 ஜூலையில் ஹெராத்தில் வாத்தியங்கள் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. கழகத்தைச் சேர்ந்த 270-க்கும் மேற்பட்டோர் போர்ச்சுகலில் அடைக்கலம் பெற்று, இன்று பிராகா நகரில் தம் பாடங்களைத் தொடர்கிறார்கள். ரபாபை வடித்து வாசிக்கும் கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அந்தக் கௌரவம், பெஷாவரில் ஒண்டியிருக்கும் ஒரு வாத்தியக்காரரின் வீட்டு வாடகையைக் கொடுத்துவிடாது. 2023-ன் இறுதியில் பாகிஸ்தான் அரசாங்கம், உரிய ஆவணங்கள் இல்லாத ஆப்கானியரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியதிலிருந்து, வாத்தியத்தைக் கையால் தொடுவதே குற்றமான நாட்டுக்குத் தாம் விரட்டப்படுவோமோ என்ற பீதியில் இத்தகைய வாத்தியக்காரர்கள் வாழ்கிறார்கள். இவர்களுக்குத் தங்குமிட அனுமதியும், மாதந்தோறும் தவறாத ஒரு வேதனமும், எதிரில் உட்கார ஒன்றிரண்டு மாணவர்களும், ஒலிப்பதிவு நிலையங்கள் கட்டுவதற்கு முன்பே கிடைத்தாக வேண்டும்.