நெஞ்சில இருக்கிறது ஆற்ற பேர்?

பாசையூரிலயோ நாவாந்துறையிலயோ ஒரு பின்னேரம் மைதானத்தடியில் போய் நின்று பாருங்கள். பந்தடிக்கிற பெடியளின் நெஞ்சில் உலகமே ஓடித் திரியும். ஒருவனில் 'பிளை எமிரேட்ஸ்', இன்னொருவனில் 'கட்டார் எயார்வேய்ஸ்', மூன்றாமவனின் கையில் 'விசிட் ருவாண்டா'. பிளேனில் ஒருநாளும் ஏறாதவன் விமானக் கம்பனிக்கு விளம்பரம் செய்கிறான். ருவாண்டா எந்தப் பக்கம் எண்டு தெரியாதவன் அங்கே சுற்றுலா வரச் சொல்கிறான். எங்களிட்டயும் அப்படிச் சேட்டுகள் இருக்கு. காசு குடுத்து வாங்கினது நாங்கள். விளம்பரத்துக்குக் காசு வாங்கினது வேற ஆரோ.

இந்தக் கட்டுரை, 'எங்கட கழகத்தின்ர சேட்டில அந்தப் பேரைப் போடாதேங்கோ' என்று எழும்பி நின்ற ரசிகர்களைப் பற்றியது. சில இடங்களில் அவர்கள் வென்றார்கள், சில இடங்களில் தோற்றார்கள். ஓரிடத்தில் பாதி வென்றார்கள். அந்தப் பாதி வெற்றிதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

நெஞ்சு விலைக்கு வந்த கதை

ஐம்பது வருசத்துக்கு முந்தி உதைபந்தாட்டச் சேட்டின் நெஞ்சு வெறுமையாகத்தான் இருந்தது. 1973இல் மேற்கு ஜேர்மனியின் அயின்ட்ராக்ட் பிறவுன்ஷ்வைக் கழகம் யேகர்மைஸ்டர் என்ற மதுபானக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தது. நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் சேட்டில் விளம்பரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கழகம் என்ன செய்தது தெரியுமா? அந்த மதுப் போத்தலில் இருக்கிற மான்தலையைத் தன்னுடைய கழகச் சின்னமாகவே மாற்றிக்கொண்டது. விளம்பரத்தைத் தடுக்கலாம், ஒரு கழகம் தன் சின்னத்தைப் போடுவதை எப்படித் தடுப்பது?

1976இல் இங்கிலாந்தின் சின்னக் கழகமான கெற்றரிங் ரவுண், 'கெற்றரிங் ரயர்ஸ்' என்று சேட்டில் எழுதிக்கொண்டு இறங்கியது. சங்கம் அதை எடுக்கச் சொன்னது. கழகம் 'ரயர்ஸ்' என்பதை அழித்துவிட்டு முதல் எழுத்தான 'ரி'யை மட்டும் வைத்துக்கொண்டது. கேட்டால், 'ரி எண்டால் ரவுண்' என்ற விளக்கம்! 1979இல் லிவர்பூல் ஹிற்றாச்சியின் பெயரைப் போட்டதோடு பெரிய கழகங்களுக்கும் வழி திறந்துவிட்டது.

வாசிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே சேட்டின் வெற்றிடம் மட்டும் விலைபோகவில்லை. ஓரிடத்தில் சின்னம் மாறியது, மற்ற இடத்தில் ஊரின் பெயரே சாட்டாகியது.

கொல்கத்தாவின் இரண்டு சேட்டுகள்

எங்களுக்குக் கிட்ட நடந்த பெரிய கதை கொல்கத்தாவில் இருக்கிறது. மோகன் பகான் 1889இல் தொடங்கிய கழகம். 1911 யூலை 29இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ற் யோர்க்ஷயர் ரெஜிமென்ற் என்ற பிரித்தானிய இராணுவ அணியை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு விளையாடினார்கள். ஆண்டவனை மைதானத்தில் வெல்லலாம் என்று ஒரு நாடு கண்ட நாள் அது. அதனால் அந்தப் பச்சை, மெரூன் நிறம் வெறும் சீருடை இல்லை.

எதிர்ப்பக்கத்தில் 1920இல் தொடங்கிய ஈஸ்ற் பெங்கால். 1947 பிரிவினையோடு கிழக்கு வங்காளத்தில் வீடு வளவை விட்டு வந்த அகதிகள், தாங்கள் விட்டுவந்த ஊரை அந்தச் சிவப்பு, மஞ்சள் சேட்டில் கண்டார்கள். 1995இல் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பிய அம்மா அப்பாமாரின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்பேர்ப்பட்ட இரண்டு கழகங்களுக்கும் 1998இல் ஒரே முதலாளி வந்தார். விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் இரண்டு அணிகளிலும் பாதிப் பங்கை எடுத்தது. மோகன் பகான் 'மக்டவல் மோகன் பகான்' ஆனது, ஈஸ்ற் பெங்கால் 'கிங்ஃபிஷர் ஈஸ்ற் பெங்கால்' ஆனது. ஒரு பக்கம் விஸ்கி, மறுபக்கம் பியர். நூற்றாண்டுப் பகையோடு ரசிகர்கள் மோதிக்கொள்ள, ஆர் வென்றாலும் போத்தல் ஒரே வீட்டுப் போத்தல்.

அடுத்தது இன்னும் மோசம். சாரதா என்ற நிதிக் குழுமத்திடமும் இரண்டு கழகங்களும் அனுசரணை வாங்கின. சாரதா வங்காளத்தின் கிராமங்களிலும் சின்னப் பட்டினங்களிலும் முகவர்களை வைத்து ஏழைச் சனத்திடம் வைப்புப் பணம் சேர்த்த குழுமம். 2013 ஏப்ரலில் அது கவிழ்ந்தது. 17 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் காசு போட்டிருந்தார்கள்.

இங்கேதான் அனுசரணை என்ற சொல்லின் உண்மையான அர்த்தம் பிடிபடுகிறது. சோடா விற்கிறவன் சேட்டில் பேர் போடுவது தாகத்தை ஞாபகப்படுத்த. வைப்புப் பணம் சேர்க்கிறவன் பேர் போடுவது எதற்கு? 'மோகன் பகானே இவையளை நம்புது, நாங்கள் நம்பினால் என்ன?' என்று ஒருவர் நினைக்க வேண்டும் என்பதற்கு. அவன் வாங்குவது சேட்டில் ஒரு சாண் துணியை இல்லை. தாத்தா காலத்திலிருந்து அந்தச் சேட்டில் ஊறிப்போன நம்பிக்கையை. அந்த நம்பிக்கையை உண்டாக்கினது நிர்வாகசபை இல்லை, ரசிகர்கள். விற்கும்போது மட்டும் ரசிகர்களிடம் ஒருத்தரும் கேட்பதில்லை.

மூன்று எழுத்துக்கு எதிராக மூன்று வருசம்

2020 ஜனவரியில் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் மோகன் பகானின் உதைபந்தாட்டப் பிரிவில் 80 சதவீதத்தை எடுப்பதாக அறிவித்தது. அந்தக் குழுமத்திடம் ஏற்கெனவே 2014இல் தொடங்கிய ஏ.ரி.கே. என்ற அணி இருந்தது. இரண்டையும் சேர்த்து 'ஏ.ரி.கே. மோகன் பகான்' என்று பெயர் வைத்தார்கள். பச்சை, மெரூன் நிறம் தப்பியது. ஆனால் 131 வயதுப் பெயருக்கு முன்னால் ஆறு வயது அணியின் மூன்று எழுத்து வந்து குந்திக்கொண்டது.

'ரிமூவ் ஏ.ரி.கே.' என்ற கோஷம் அப்படித்தான் எழும்பியது. அது கொரோனாக் காலம். போட்டிகள் எல்லாம் கோவாவில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. மைதானத்துக்குள் போய்க் கத்த வழியில்லாத ரசிகர்கள் தெருவிலும் சமூக ஊடகங்களிலும் எழுதினார்கள். மைதானம் திறந்த பிறகு பதாதைகளோடு உள்ளே போனார்கள். தங்கள் அணியின் ஆட்டத்தையே பார்க்காமல் விலகி நின்றவர்களும் உண்டு. ஒரு ரசிகனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன?

எதிர்வாதமும் இருந்தது. முதலாளி இல்லாவிட்டால் இந்தியன் சுப்பர் லீக்கில் விளையாடக் காசு எங்கே? பேரைப் பிடித்துக்கொண்டு கீழ்ப் பிரிவில் கிடக்கிறதா? இது லேசாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. 2021 யூலையில் ஈஸ்ற் பெங்கால் கழகத்தின் வாசலில், முதலீட்டாளரான சிறீ சிமெந்துக் கம்பனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பற்றி ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து மோதினார்கள். பொலிஸ் தடியடி நடத்தியது. ஒரே நிறச் சேட்டுப் போட்டவர்களுக்குள் நடந்த சண்டை அது. ஒரு பக்கம் 'கழகம் பிழைக்க வேணும்' என்றது, மறுபக்கம் 'கழகம் கழகமாக இருக்க வேணும்' என்றது. இரண்டுமே பாசம்தான்.

2023 மார்ச் 18இல் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் ஏ.ரி.கே. மோகன் பகான் பெங்களூரு அணியோடு 2-2 என்று சமப்பட்டு, தண்ட உதையில் 4-3 என்று வென்று கிண்ணம் எடுத்தது. வென்ற கையோடு கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். யூன் மாதம் முதல் அந்த மூன்று எழுத்தும் இல்லை. மூன்று வருசம் கத்தியதற்குக் கிடைத்த பலன்.

ஆனால் புதுப்பெயரைப் பாருங்கள். 'மோகன் பகான் சுப்பர் ஜயன்ற்'. அதே முதலாளியின் ஐ.பி.எல். கிரிக்கெற் அணியின் பெயர் 'லக்னோ சுப்பர் ஜயன்ற்ஸ்'. முன்வாசலால் போன கம்பனி பின்வாசலால் வந்து இருந்துகொண்டது. இதைத்தான் பாதி வெற்றி என்றோம்.

கையில் என்ன இருக்கு?

ரசிகர்களின் கோபம் எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்று தேடிப் பார்த்தோம்.

2012இல் இங்கிலாந்தின் நியூகாசில் கழகம் வொங்கா என்ற கடன் கம்பனியோடு நான்கு வருச ஒப்பந்தம் செய்தது. வருச வட்டிக்கு மாற்றிப் பார்த்தால் 4,000 சதவீதத்துக்கும் மேல் வரும் கடன் அது. வேலையில்லாப் பிரச்சினை நிறைந்த நகரத்தில் இப்படியொரு பெயரா என்று நகரசபைத் தலைவரே எதிர்த்தார். வொங்கா கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. முந்தி முதலாளியின் கடைப் பெயருக்கு மாற்றப்பட்டிருந்த மைதானத்துக்கு 'சென் ஜேம்ஸஸ் பார்க்' என்ற பழைய பெயரைத் திருப்பிக் குடுத்தது. ரசிகர்களிடம் பறித்ததை ரசிகர்களுக்கே பரிசாகக் குடுத்து வாயை அடைக்கப் பார்த்தது. சேட்டில் வொங்கா தொடர்ந்து இருந்தது. 2018இல் அந்தக் கம்பனியே முறிந்தது.

ஆனால் 2013இல் போல்ற்றன் கழகம் இதேபோன்ற இன்னொரு கடன் கம்பனியை அறிவித்தபோது, ரசிகர்கள் மனுவில் கையெழுத்துச் சேர்க்க, சில நாட்களிலேயே கழகம் பின்வாங்கியது. வித்தியாசம் என்ன? போல்ற்றனில் சேட்டு விற்பனைக்கு வருவதற்கு முன்னமே ரசிகர்கள் எழும்பிவிட்டார்கள்.

அப்ப அங்கத்தவர்களே சொந்தக்காரராக இருக்கிற கழகங்கள்? பார்சிலோனா அப்படிப்பட்ட கழகம். 2006 வரை நெஞ்சில் ஒன்றும் போடவில்லை. அந்த வருசம் யுனிசெஃப்பின் பெயரைப் போட்டு, காசு வாங்காமல் தானே வருசத்துக்கு 15 இலட்சம் யூரோ குடுத்தது. ஐந்து வருசத்தில் அதே நெஞ்சில் கட்டார் பவுண்டேசன் வந்தது. யோகான் குரைஃப் போன்றவரே கண்டித்தார். ஆனால் அங்கத்தவர் கூட்டம் பெரும்பான்மையோடு 'ஓம்' என்றது. 2013இல் அந்த இடத்துக்குக் கட்டார் எயார்வேய்ஸ் வந்தது. கட்டாரில் வெயிலுக்குள் வேலை செய்து காசு அனுப்பின அண்ணாமார் இருக்கிற வீடுகளில், நாங்கள் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தோம். எங்களுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

பயேர்ன் மியூனிக்கிலும் கட்டார்தான். 2021 நவம்பரில் நடந்த வருடாந்தக் கூட்டத்தில் அந்த அனுசரணைக்கு எதிரான தீர்மானத்தை எடுத்துக்கொள்ள நிர்வாகம் மறுக்க, மண்டபமே கொந்தளித்தது. 2023இல் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. வாக்கு மட்டும் காணாது, அதைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் கேட்கிற சனமும் வேண்டும் என்று எங்களுக்கு விளங்கியது.

எங்கட மைதானத்துக்கு வருவோம்

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபானக் கம்பனிகளின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்திருக்கிறது. மக்டவல் மோகன் பகான் மாதிரி ஒன்று இங்கே வர ஏலாது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் மட்டும்தான். கடன் கம்பனிக்கும் பந்தயச் செயலிக்கும் அது பொருந்தாது. போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் என்ன செய்தது என்று எங்கட அம்மாமாருக்குத் தெரியும். 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்குமளவுக்கு நிலைமை போனது. நாளைக்கு அப்படியொரு கம்பனி வந்து, 'தம்பியவை, லைற் போட்டுத் தாறம், சேட்டு அடிச்சுத் தாறம்' எண்டால்?

'வேண்டாம்' என்று சொல்வது லேசு என்று நாங்கள் சொல்லவரவில்லை. மின்னொளிச் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு எவ்வளவு காசு போகும், கொழும்புக்கு அணியைக் கூட்டிக்கொண்டுபோக பஸ்ஸுக்கு ஆர் குடுப்பது என்பதெல்லாம் கழகப் பொருளாளரிடம் கேட்டால் தெரியும். ஆனாலும் எங்களிடம் ஒன்று இருக்கிறது. எங்கட சுற்றுப்போட்டிகளில் பாதி ஞாபகார்த்தக் கிண்ணங்கள். செத்துப்போன ஒரு அண்ணாவின், ஒரு வாத்தியாரின், ஒரு அப்பாவின் பெயரில் நடப்பவை. சேட்டு அடிக்கக் காசு அனுப்புகிறவர் சுவிஸிலயோ கனடாவிலயோ இருக்கிற ஊர்க்காரர். அவர் பிழை விட்டால் தாயிடம் போய்ச் சொல்லலாம். முகம் தெரிந்த அனுசரணை அது.

இன்னொன்றும் இருக்கிறது. கொல்கத்தா ரசிகர்கள் 80 சதவீதக்காரருக்கு எதிராக மூன்று வருசம் கத்த வேண்டியிருந்தது. எங்கட ஊர்க் கழகங்கள் இன்னும் ஒருவருக்கும் விலைபோகவில்லை. வருசத்துக்கு ஒருக்கால் பொதுக்கூட்டம் நடக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரையும் நாங்கள்தான் கையை உயர்த்தித் தெரிவு செய்கிறோம். வழமையாக அந்தக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். கணக்கறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும் அப்படி இருந்தவர்கள்தான்.

அடுத்த முறை போவோம். கணக்கறிக்கை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: 'இந்த முறை சேட்டில ஆற்ற பேர் வரப்போகுது?' சேட்டு அடித்து வந்த பிறகு அதைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை.